காப்பகம் தொடங்கும் முன் சுவரில் எழுத வேண்டிய எண்

ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "மார்த்தாண்டம் பக்கம் எங்கள் தாத்தாவின் பழைய ஓட்டு வீடு பூட்டிக் கிடக்கிறது. சுற்றிலும் பத்து சென்ட் புரையிடம். நானும் கல்லூரித் தோழிகள் நாலு பேரும் இப்போது பதினோரு தெருப்பூனைகளுக்குத் தீனி போடுகிறோம். குட்டிகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்ப் போடுவதும், வெளிநாடு போகிறவர்கள் வளர்த்த பூனையை அப்படியே விட்டுவிட்டு வீட்டைப் பூட்டுவதும் பார்க்கப் பொறுக்கவில்லை. சம்பளத்துக்கு ஆள் வைக்காமல், தன்னார்வலர்களைக் கொண்டே ஒரு பூனைக் காப்பகம் நடத்த முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?"

முடியும். நாகர்கோவிலுக்கு வெளியே நாங்கள் ஒன்பது வருடமாக அப்படித்தான் நடத்துகிறோம். ரப்பர் பால் வெட்டும் ஒரு அண்ணன், பள்ளி ஆசிரியைகள் இரண்டு பேர், நர்சிங் படிக்கும் பிள்ளைகள், பணி ஓய்வு பெற்ற ஒரு தபால்காரர், வீடு வீடாக மீன் விற்கும் ஒரு பெரியம்மா. இவர்கள்தான் எங்கள் காப்பகம். கட்டடமும் கூண்டும் அப்புறம் வந்தவை. அதனால் எங்கே ஷெட் போடுவது, என்ன பெயர் வைப்பது என்பதையெல்லாம் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, முதலில் தாத்தா வீட்டுச் சுவரில் ஒரு எண்ணை எழுதுங்கள் தங்கச்சி. உள்ளே ஒரே நேரத்தில் எத்தனை பூனை இருக்கலாம் என்ற எண். முதல் பூனை வருவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். வந்த பிறகு எழுத மனசு விடாது.

அந்த எண்ணை இடத்தை வைத்துப் போடாதீர்கள், கைகளை வைத்துப் போடுங்கள். விலங்குக் காப்பகங்களில் பொதுவாகப் பின்பற்றும் ஒரு கணக்கு உண்டு: ஒரு விலங்குக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 நிமிடம். அதில் 9 நிமிடம் சுத்தம் செய்ய, 6 நிமிடம் தீனிக்கு. நீங்கள் ஐந்து பேர். படிப்பு, பஸ், வீட்டு வேலை போக ஆளுக்கு வாரத்தில் நாலு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் தர முடியும் என்று வைப்போம். வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்குச் சுமார் 170 நிமிடம். பதினைந்தால் வகுத்தால் பதினொன்று வரும். ஆஸ்பத்திரிக்குப் போவது, மருந்து கொடுப்பது, போன் எடுப்பது, கணக்கு எழுதுவது எதுவும் இதில் சேரவில்லை. பரீட்சை மாதமும் சேரவில்லை. அதனால் நான் உங்கள் சுவரில் எட்டு என்றுதான் எழுதுவேன். இடத்தையும் சரிபார்த்துக்கொள்ளலாம்: சேர்ந்து இருக்கும் பூனைகளுக்கு ஒன்றுக்கு 18 சதுர அடி தரை வேண்டும் என்பது காப்பக மருத்துவம் பார்க்கும் டாக்டர்கள் சொல்லும் அளவு. எட்டுக்கு 144 சதுர அடி, அதாவது பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறை ஒன்று. ஓட்டு வீட்டில் அதற்குக் குறைவிருக்காது. உங்களிடம் இடம் தாராளம், கைதான் குறைவு.

ஊரெல்லாம் இத்தனை கிடக்கும்போது எட்டுதானா என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. யார் கொண்டுவந்தாலும் வாங்கினோம். இரண்டாம் வருடம் நாற்பதைத் தாண்டிவிட்டது. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி யாரோ மீன் பெட்டியில் மூன்று குட்டிகளை கேட்டுக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனார்கள். நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தன. புதிதாக வருவதற்கென்று வைத்திருந்த அறையிலும் பூனைகள் நிறைந்திருந்ததால், துடைத்துச் சூடு காட்டி, மற்றக் குட்டிகளோடு விட்டுவிட்டோம். நாலாம் நாள் ஒரு குட்டி தீனியை மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டபடி, குடிக்காமல், அப்படியே உட்கார்ந்திருந்தது. அடுத்த நாள் வாந்தி. அதற்கடுத்த நாள் இன்னும் நாலு குட்டிகளுக்கு. இரண்டு வாரம் முடிவதற்குள் எங்களிடமிருந்த குட்டிகளில் பாதிக்கு மேல் போய்விட்டன. நர்சிங் பிள்ளைகள் ராத்திரி முழுக்க ட்ரிப்ஸ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் அப்புறம் வரவே இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பூனைகளோடு சேர்த்து அந்தப் பிள்ளைகளையும் நாங்கள் காப்பாற்றியிருக்க வேண்டும்.

அது பான்லூக்கோபீனியா. நாய்க்கு வரும் பார்வோவின் இனத்தைச் சேர்ந்த வைரஸ், அதனால் டாக்டர்கள் 'பூனை பார்வோ' என்றும் சொல்வார்கள். தடுப்பூசி போடாத குட்டிகளில் பத்தில் ஒன்பதைக்கூடக் கொண்டுபோய்விடும். இந்தக் கிருமி தரையிலும் துணியிலும் ஒரு வருடம் வரை உயிரோடு கிடக்கும். நம் வீடுகளில் ஊற்றும் பினாயில் அதைக் கொல்லாது, பூனையைத்தான் கெடுக்கும். பினாயில், டெட்டால் போன்றவற்றில் இருக்கும் பீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரலால் உடைத்து வெளியேற்ற முடியாது. தரையில் நடந்துவிட்டுக் காலை நக்கினாலே உள்ளே போய்விடும். இவை இரண்டும் காப்பக வாசலுக்குள் வரவே கூடாது. கடையில் கிடைக்கும் சாதாரண ப்ளீச் திரவம் போதும்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி, அன்றைக்குக் கலக்கியது அன்றைக்கே. முதலில் சோப்புப் போட்டு அழுக்கைக் கழுவ வேண்டும், பிறகு ப்ளீச் தண்ணீரை விட்டுப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும், பிறகு அலசிக் காயவிட வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் ப்ளீச் வேலை செய்யாது.

ஓட்டு வீட்டில் மற்ற அறைகளிலிருந்து விலகி, தனி வாசல் உள்ள அறை எது என்று பாருங்கள். பழைய வீடுகளில் உரல்புரையோ விறகுப்புரையோ தனியாக இருக்கும். அதுதான் புதிய பூனைகளின் அறை. எந்தப் பூனை வந்தாலும் அங்கே 14 நாள். அதற்கென்று தனிச் செருப்பு, தனித் துடைப்பம், தனிப் பாத்திரம். காலையில் பழைய பூனைகளின் வேலையை முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் அங்கே போக வேண்டும், போய்விட்டுத் திரும்பி வரக் கூடாது. அந்த அறை நிறைந்திருந்தால் புதிய பூனைக்கு இடமில்லை என்று பொருள். சுவரில் எழுதிய எட்டில் இன்னும் இரண்டு பாக்கி இருந்தாலும் சரி.

தடுப்பூசி: பான்லூக்கோபீனியாவையும் இரண்டு ஜலதோஷ வைரஸ்களையும் தடுக்கும் முத்தடுப்பூசியை எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும் வரை போடுவார்கள். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில், பிறகு வருடா வருடம். பெரிய பூனையாக வந்தால் காப்பகத்துக்குள் எடுக்கும் அன்றைக்கே முத்தடுப்பூசி போடச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

சரி, எட்டுத்தான் என்றால் மிச்சப் பூனைகள்? இங்கேதான் நான் அதிகம் சொல்ல நினைப்பது. தெருவில் இருக்கிற பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காப்பகம் தேவையே இல்லை. தெருவில் பிறந்து வளர்ந்த பூச்சைக்கு அந்தத் தெருதான் வீடு. மனிதன் தொட்டால் ஒடுங்கும் பூனையை அறையில் அடைத்தால், சாப்பிடாமல் கட்டிலுக்கு அடியில் கிடந்தே நோய் வாங்கும். ஜலதோஷம் தரும் ஹெர்பிஸ் வைரஸ் பூனைகளின் உடம்பில் ஒளிந்து கிடந்து, இப்படிப் பயத்தில் இருக்கும்போதுதான் வெளியே வரும். அவற்றுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி கருத்தடை. பிடி, அறுவை செய், பிடித்த இடத்திலேயே விடு. வேறு ஊரில் கொண்டுபோய் விடக் கூடாது. விட்டால் அதற்கும் கேடு, காலியான இடத்துக்கு வேறு பூனைகளும் வந்து சேர்ந்துவிடும்.

நம் மாவட்டத்தில் இது ஏன் இன்னும் அவசரம் என்றால், பூனையின் இனப்பெருக்கத்தைப் பகலின் நீளம்தான் தூண்டுகிறது. குளிர்நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் குட்டி போடுவது நின்றுவிடும், காப்பகங்கள் கொஞ்சம் மூச்சு விடும். நாம் இருப்பது எட்டாவது அட்சரேகையில். வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இங்கே சுமார் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். ஆகவே வருடம் முழுக்கக் குட்டி. பெண் பூனை நாலு மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம், சினைக்காலம் 63 முதல் 65 நாள், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினைப்படும். உங்கள் பதினொன்றில் நாலு பெண் இருந்தால், அடுத்த வருடம் இதே நாளில் எத்தனை இருக்கும் என்று பாருங்கள். எட்டுப் பேரைக் காப்பகத்தில் வைத்துப் பாடுபடுவதைவிட, அந்த நாலுக்கும் அறுவை செய்வது அதிக உயிர்களைத் துன்பத்திலிருந்து காக்கும்.

பிடிப்பது எப்படி? எலிப்பொறி மாதிரியே பெரிய கம்பிக்கூண்டு வெல்டிங் பட்டறையில் சொன்னால் செய்து தருவார்கள். முதல் நாலைந்து நாள் கதவைக் கட்டித் திறந்தே வைத்து உள்ளே தீனி வையுங்கள். பயம் போன பிறகு ஒரு நாள் கட்டை அவிழ்த்துவிட்டால் போதும். சாளை வைத்தால் வராத பூனை நான் பார்த்ததில்லை. விழுந்தவுடன் கூண்டை ஒரு பெட்ஷீட்டால் மூடிவிடுங்கள், இருட்டில் அடங்கிவிடும். பெரிய பூனை என்றால் அறுவைக்கு முதல் நாள் இரவே தீனியை நிறுத்த வேண்டும். குட்டி என்றால் அவ்வளவு நேரம் பட்டினி போடக் கூடாது, டாக்டர் சொல்லும் மணி நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். தெருவுக்குத் திரும்பும் பூனைக்குத் தானாகக் கரையும் தையல் போடச் சொல்லுங்கள், தையல் பிரிக்க இன்னொரு முறை பிடிக்க முடியாது. மயக்கத்தில் இருக்கும்போதே இடது காது நுனியில் ஒரு சென்டிமீட்டர் அளவு நேராக வெட்டுவார்கள். வலி தெரியாது, ஆறியதும் தூரத்திலிருந்தே இது முடிந்த பூனை என்று கண்டுகொள்ளலாம். இந்த அடையாளம் இல்லாமல் ஒரே பூனையை இரண்டாவது தடவை அறுத்துப் பார்த்த கதைகள் உண்டு.

டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை. ஊர் மாட்டாஸ்பத்திரி டாக்டர்களுக்கு ஆடு, மாடு, கோழி என்று வேலை நிறைந்திருக்கும். பூனை அறுவையில் கைப்பழக்கம் உள்ளவர் யார் என்று விசாரித்து, காப்பகம் தொடங்குவதற்கு முன்பே நேரில் போய்ப் பாருங்கள். வாரத்தில் எந்த நாள் கூட்டம் குறைவு, ஒரே நாளில் எத்தனை செய்வார், கடன் சொல்ல முடியுமா என்று வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். உள்ளூரில் முடியாத கேஸுக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மார்த்தாண்டத்திலிருந்து போய் வர ஒரு முழு நாள் ஆகும், அதற்கும் ஒரு ஆள் வேண்டும்.

துறைமுகப் பூனைகள் தனிக் கதை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு மீன்பிடித் தடை. சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் வருவதால் அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இரண்டும் 61 நாள். வள்ளங்கள் போனாலும் துறைமுகத்தில் மீன் வெட்டும் இடம் வெறிச்சோடிவிடும். மற்ற மாதங்களில் வயிறு நிறைந்து கிடந்த பூனைகள் ஊருக்குள் நுழையும், அடிபடும், நாய்க்கு மாட்டும். நாங்கள் இப்போது தீனிப் பணத்தில் ஒரு பங்கைச் சித்திரையிலிருந்தே இதற்கென்று ஒதுக்கிவைக்கிறோம். தடைக்காலத்தில் பசியோடு இருப்பதால் கூண்டுக்கும் எளிதில் வரும். கருத்தடைக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. அந்த மீன்காரப் பெரியம்மா கரையில் ஒவ்வொரு பூனையையும் முகம் பார்த்துச் சொல்வார், எது சினை, எது பால் கொடுக்கிறது என்று. உங்கள் பக்கத்திலும் அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். தேடிக் கண்டுபிடியுங்கள்.

அப்படியானால் காப்பகத்துக்குள் யார்? வீட்டில் வளர்ந்து தெருவில் விடப்பட்டவை, தாயில்லாத குட்டிகள், கண் போனவை, கால் போனவை. திரும்பிப் போக இடமில்லாதவை மட்டும். வளைகுடாவுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் விட்டுப்போகும் பூனைகளைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும். பூட்டிய வீட்டுப் படியிலேயே வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். இரை தேடத் தெரியாது. அந்தக் குடும்பம் கிளம்ப ஒரு மாதம் முன்பே நமக்குத் தெரிந்தால் வேறு வீடு பார்த்துவிடலாம். ஆகவே "ஊருக்குப் போகிறீர்களா, பூனையை விட்டுவிடாதீர்கள், முன்கூட்டியே சொல்லுங்கள்" என்று வாட்ஸ்அப் குழுக்களில் போடுங்கள். எங்களுக்கு இப்படிச் சொல்லி வரும் பூனைகள்தான் இப்போது அதிகம், பெரும்பாலும் காப்பகத்துக்குள் வராமலேயே வீடு மாறிவிடுகின்றன.

குட்டிகளைப் பார்த்ததும் எடுக்காதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும். தள்ளி நின்று நாலைந்து மணி நேரமாவது பாருங்கள். வயிறு உருண்டு, சத்தமில்லாமல் தூங்கினால் தாய் இருக்கிறது. எடுக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் சூடு, அப்புறம்தான் பால். உடம்பு குளிர்ந்த குட்டிக்குப் பால் கொடுத்தால் செரிக்காது, செத்துப்போகும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். பசும்பால் வேண்டாம், வயிற்றால் போகும். பூனைக்குட்டிக்கென்று பால்பவுடர் நாகர்கோவிலில் கிடைக்கிறது, ஆன்லைனிலும் வாங்கலாம். குப்புற வைத்துத்தான் கொடுக்க வேண்டும், மனிதக் குழந்தை மாதிரி மல்லாத்தினால் மூச்சுக்குழாயில் போகும். முதல் வாரங்களில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும். ஒவ்வொரு தடவையும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே தடவினால்தான் மூத்திரம் போகும். பிறக்கும்போது சுமார் 100 கிராம் இருக்கும், நாளுக்குப் பத்துக் கிராமாவது ஏற வேண்டும். நகைக்கடைத் தராசு மாதிரிச் சின்னத் தராசு ஒன்று வாங்கி, தினமும் அதே நேரத்தில் எடை எழுதுங்கள். எடை ஏறாத அன்றே டாக்டரிடம் போங்கள். இந்த வேலையைக் காப்பகத்தில் செய்ய முடியாது. வீட்டில் இருக்கும் ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டும். வேலைக்குப் போகாத சித்தி, ஓய்வு பெற்ற மாமா என்று அப்படி இரண்டு மூன்று வீடுகளைப் பிடித்துவைத்தால், அதுவே உங்கள் காப்பகத்தின் பாதி.

தீனி. மீனும் சோறும் போதும் என்று நம் ஊரில் எல்லோரும் நினைக்கிறோம். பூனை முழு மாமிச உண்ணி. டாரின் என்ற சத்து இறைச்சியில் இருந்துதான் அதற்குக் கிடைக்க வேண்டும், குறைந்தால் கண்பார்வை போகும், இதயம் வீங்கும். சோற்றில் அது கிடையாது. எண்ணெய்ச் சத்துள்ள மீனை மட்டுமே மாதக்கணக்கில் போட்டால் வைட்டமின் ஈ குறைந்து தோலுக்கடியில் கொழுப்பு வீங்கி வலிக்கும். கருவாட்டில் உப்பு அதிகம். மிச்ச மீன்குழம்பில் வெங்காயமும் பூண்டும் இருக்கும், இரண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். எங்கள் வழக்கம்: காலையில் பாக்கெட் உலர்தீனி, மாலையில் உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து முள் எடுத்த மீனோ கோழியோ. நாலு கிலோ எடையுள்ள பூனைக்கு முழுக்க உலர்தீனி என்றால் நாளுக்கு 60 கிராம் அளவு ஆகும், எட்டுக்கு மாதம் சுமார் 15 கிலோ. பணக் கணக்கு போடும்போது இதிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டு மழையும் வாங்குகிற மாவட்டம் நம்முடையது. ஆனியிலிருந்து கார்த்திகை வரை தரை காயாது. ஈரத்தில் பூனைக்குப் படர்தாமரை வரும், அங்கிருந்து நமக்கும் ஒட்டும். காது ஓரத்தில் வட்டமாக முடி கொட்டினால் அந்தப் பூனையைத் தனியாக்கி, டாக்டரிடம் காட்டிவிட்டு, கையுறை போட்டுத் தொடுங்கள். அறையில் நேர் எதிரே ஜன்னல்கள் இருக்கட்டும், ஜன்னலுக்குக் கம்பிவலை. மூலைகளில் மரப்பலகைத் தட்டுகள் உயரமாக அடித்தால் பூனைகள் மேலே ஏறிக் காய்ந்த இடத்தில் படுக்கும், சண்டையும் குறையும். கழிவுத் தட்டுக்கு நாங்கள் மரமில்லில் இருந்து மரத்தூள் வாங்குகிறோம். நம் பக்கம் ரப்பர் மரம்தான் அதிகம் அறுபடும். பூச்சி அரிக்காமல் இருக்க ரப்பர் பலகைக்கு போரிக் மருந்து ஏற்றுவார்கள். மருந்து ஏற்றுவதற்கு முன் அறுத்த தூளா என்று கேட்டு வாங்குங்கள், சலித்து மாவுத் தூளை நீக்கிவிடுங்கள். தட்டைத் தினமும் சுத்தம் செய்தே ஆக வேண்டும். டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி கழிவில் வெளியே வந்து ஒரு நாளாவது கழிந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். அன்றன்றைக்கு அள்ளினால் அந்தப் பயம் மிகவும் குறையும். கர்ப்பிணிகளுக்கு அந்த வேலை கொடுக்கவே வேண்டாம்.

ஆட்களுக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் வருவார்கள், செவ்வாய்க்கிழமை ஒருவரும் இருக்க மாட்டார்கள். அதனால் "எப்போது வேண்டுமானாலும் வாங்க" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். ஒருவருக்கு வாரத்தில் ஒரு குறிப்பிட்ட கிழமை, குறிப்பிட்ட வேளை, வர முடியாவிட்டால் மாற்றாளைச் சொல்வது அவர் பொறுப்பு. எங்கள் பால் வெட்டும் அண்ணன் விடிவதற்கு முன்பே தோட்டத்தில் இறங்கி ஒன்பது, பத்து மணிக்குள் முடித்துவிடுவார். மற்றவர்களெல்லாம் வேலைக்குப் போய்விட்ட அந்த நேரம் அவருடையது. பண்டிகை நாள்களை வருட ஆரம்பத்திலேயே பங்கு போட்டுவிடுவோம். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் இந்து வீட்டுப் பிள்ளைகள், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகள், பெருநாளுக்கு இரு தரப்பும், மற்றப் பண்டிகைகளுக்குத் தக்கலை, கோட்டாறு முஸ்லிம் பிள்ளைகள். ஒன்பது வருடத்தில் ஒரு பண்டிகை நாளிலும் தீனி தவறியதில்லை. நம் மாவட்டத்தில் பிறந்ததற்காக நான் மிகவும் சந்தோஷப்படும் விஷயங்களில் இதுவும் ஒன்று.

சேரும் எல்லோரும் பூனையைத் தொடுவதற்கு முன்பே வெறிநோய்க்கான முன்தடுப்பு ஊசி போட்டுக்கொள்ளட்டும்: முதல் நாள், ஏழாம் நாள், பிறகு 21 அல்லது 28 ஆம் நாள். கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடிபட்டவர்களுக்கு அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வெறிநோய் ஊசி இலவசம். "நம்ம பூச்சைதானே" என்று விட்டுவிடும் பழக்கம் ஒரு நாளும் வேண்டாம். இன்னொன்று, மருந்து அலமாரியில் பாராசிட்டமால் இருக்கக் கூடாது. மனிதருக்கான அந்த ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு உண்ணி போக ஊற்றும் பெர்மெத்ரின் மருந்தும் அப்படியே.

பதிவு, பணம் பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி சங்கம் பதிய ஏழு பேர் வேண்டும். நீங்கள் ஐந்து பேர், இரண்டு பெரியவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அறக்கட்டளையாகவும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். பிறகு பான், வங்கிக் கணக்கு, வருமான வரித் துறையில் அறநிறுவனப் பதிவு, நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை கிடைப்பதற்கான அனுமதி, அப்புறம் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம். அந்த வாரியம் 1962-ல் நம் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் தொடங்கியது. அது பிறந்த 1960 ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் மாநிலங்களவையில் அவர் எடுத்த முயற்சியால் வந்ததுதான். உங்கள் பக்கம் வெளிநாட்டுப் பணம் நிறைய வரும். இந்தியக் குடியுரிமையோடு வளைகுடாவில் வேலை செய்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவர் அனுப்பினால் ஆகும், அதற்கென்று தனிப் பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது. யாருடைய சொந்தக் கணக்கிலும் பணம் வாங்காதீர்கள். ஒரே ஆள் தரும் பெரிய தொகையைவிட, மாதம் நூறு ரூபாய் தரும் ஐம்பது பேர் மேல். மாதக் கடைசியில் வரவுசெலவை எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள், ஆஸ்பத்திரிக் கடனையும் சேர்த்து.

முகவரியைப் பொதுவில் போடாதீர்கள். போட்டால் மீன் பெட்டிகள் வாசலுக்கு வரும். வளர்ப்பு விலங்கைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960 சட்டத்தின் 11 ஆம் பிரிவில் குற்றம்தான், ஆனால் முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரைதான். விஷம் வைத்துக் கொல்வது வேறு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 325 ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை உண்டு. பக்கத்து வீட்டுக்காரர்களோடு பேசும்போது இதை எடுத்து மிரட்ட வேண்டாம். நாற்றம், ராத்திரிச் சத்தம், கார் மேல் மூத்திரம் என்று அவர்கள் சொல்லும் குறைகள் உண்மையானவை. ஆண் பூனைகளுக்குக் கருத்தடை செய்தால் இவை மூன்றும் பெருமளவு அடங்கும். அதைச் செய்து காட்டினாலே பாதிப் பேர் நம் பக்கம் வருவார்கள்.

தத்துக் கொடுக்கும்போது கருத்தடை முடித்தே கொடுங்கள். அந்த வீட்டுக்கு ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள், ஒத்துவராவிட்டால் எங்களிடமே திரும்பத் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கறுப்புப் பூனையை எடுக்கத் தயங்குவார்கள். அதைக் கையில் கொடுத்துக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருக்கச் சொல்லுங்கள், வேறு எதுவும் பேச வேண்டாம்.

மலையோரத்தில் இருந்து கேஸ் வந்தால் மட்டும் நிதானிக்க வேண்டும். பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டங்களில் கிடைக்கும் புள்ளியும் வரியும் உள்ள குட்டி, காட்டுப்பூனை இனமாகவோ சிறுத்தைப் பூனையாகவோ இருக்கலாம். அவை 1972 ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. எடுக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். தாய் பக்கத்தில்தான் இருக்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது என்ன என்று கேட்டால்: பதினொன்றுக்கும் ஆளுக்கொரு பெயர் வைத்து, போட்டோ எடுத்து, ஒரு நோட்டில் ஆணா பெண்ணா, காதில் வெட்டு உண்டா, வயிறு தள்ளியிருக்கிறதா என்று எழுதுங்கள். பெண்களிலிருந்து தொடங்குங்கள். சினையாக இருந்தால் என்ன செய்வது என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். எங்களிடம் கம்பிக்கூண்டு இரண்டு சும்மா இருக்கிறது. தக்கலை வரை கொண்டுவந்து தர ஆள் உண்டு, நீங்கள் அங்கே வந்து வாங்கிக்கொண்டால் போதும். கதவுக் கொக்கி கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், ஒரு துளி தேங்காய் எண்ணெய் விட்டுக்கொள்ளுங்கள்.